நாவல் பேச்சும் நிர்மலாவின் காரும்

மொன்றியல் நகரத்துக் குளிருக்குப் பயந்து ஒரு நூலகத்துக்குள் நுழைகிறேன். உள்ளே நீள மேசையைச் சுற்றி நம் தமிழ் ஆட்கள், இந்த நாட்டுப் புது நாவல் ஒன்றைப் போட்டு அலசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஜனவரியில் கணவனை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும் மனைவியின் கதையாம். கேட்கவா வேண்டும், நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

"பனிக்குள்ளை ஆரும் வீட்டை விட்டுப் போவினமோ? கோடை வரும் மட்டும் பொறுத்திருக்கலாம்" என்கிறார் பத்மா.

"அந்த மனுசன் ஒரு நாளாவது தேத்தண்ணி போட்டுக் குடுத்தவனோ? அவள் போனது சரி" என்று சீறுகிறார் நிர்மலா. இருவரும் சிநேகிதிகள், புவாண்ட்-கிளேர் புறநகரிலிருந்து ஒரே காரில் வந்தவர்கள். கார் நிர்மலாவுடையது.

பத்மா என் பக்கம் திரும்புகிறார். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ."

"நான் நாவலைப் படிக்கலையேம்மா."

"அதுக்கென்ன, இஞ்சை அரைவாசிப்பேர் வாசிக்கேல்லை. தீர்ப்பைச் சொல்லுங்கோ."

நல்லவேளை, அதற்குள் கூட்டம் கலைகிறது. நானும் அவர்களோடு வெளியே வருகிறேன், பனி கொட்டுகிறது. நிர்மலா விறுவிறுவென்று போய்க் காரில் ஏறிக்கொள்கிறார். பத்மா கதவை இழுக்கிறார், திறக்கவில்லை. கண்ணாடி மட்டும் இரண்டு விரல் அளவு இறங்குகிறது.

"அவள் போனது சரியோ, பிழையோ?"

பத்மா வானத்தைப் பார்க்கிறார். தூரத்து பஸ் நிறுத்தத்தைப் பார்க்கிறார். "சரியடி, சரி. கதவைத் திற."

கதவு திறக்கிறது. ஏறி, பெல்ட்டையும் மாட்டிக்கொண்ட பிறகு பத்மா என்னைப் பார்த்துக் கத்துகிறார்:

"வீட்டை போய்ச் சேரும் மட்டும்தான் சரி, அண்ணை!"