வெயிலில் தெரியாத நெருப்பு

டாங்கி மூடியைத் திறந்ததும் கஞ்சி வாசம் அடித்தது. உள்ளே இருக்க வேண்டியது பச்சை மாவுக் கரைசல்.

கல்முனைப் பக்கம் ஒரு அரிசி மில்லுக்குப் பின்னால்தான் எங்கள் சோதனைக் கொட்டில். பச்சரிசிக் குறுணல் மாவிலிருந்து எதனோல், அதாவது கை துடைக்கும் ஸ்பிரிட், எடுக்கும் வேலை. சாதாரண ஈஸ்ட் சீனியைத்தான் தின்னும். அதற்கு மாவை அவித்துச் சீனியாக்கிக் கொடுக்க வேண்டும். மரபணு மாற்றிய எங்கள் ஈஸ்ட் அப்படியல்ல. "அதுக்குப் பல்லு வச்சிரிக்கம், பச்ச மாவையே கடிக்கும்" என்பார் எங்கள் ஆராய்ச்சி மிஸ். அவிக்கிற விறகு மிச்சம்.

கஞ்சியை, அவன் சொல்லில் கப்பியை, ஊற்றியவன் என்னோடு வேலை செய்யும் ரபீக். முன்பு அப்பக்கடை வைத்திருந்தவன்.

"கப்பி காய்ச்சி ஊத்தினாத்தானே மிஸ் அப்ப மா பொங்கும்? வெறும் பச்ச மாவ வச்சிக்கிட்டு அது பாவம், என்ன செய்யும்?"

"சுடச்சுடவா ஊத்தின?"

"ஓம் மிஸ்."

மிஸ் தலையில் கை வைத்தார். ஈஸ்ட் வெந்து செத்திருந்தது.

மில் சொந்தக்காரர் ஹாஜியார் வந்து பார்த்தார். "இன்னும் ஒரு டாங்கிதான் மிஸ். அதுவும் சரிவரல்லெண்டா கொட்டில நெல்லு அடுக்கத் தாங்க. சாராயம் காய்ச்சிறம் எண்டு ஊருல கதைக்கானுகள்."

கொட்டில் போனால் எனக்கும் ரபீக்குக்கும் வேலை இல்லை.

குளிர்பெட்டியில் மிஞ்சிய ஈஸ்ட்டை மிஸ் திரும்ப வளர்த்தார். மாவு அடியில் படியாமல் நாங்கள் மாறி மாறித் துழாவினோம். வெயில் ஏறினால் டாங்கியைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டினோம். கடைசியில் டாங்கிக் காற்று குழாய்வழியே போத்தல் தண்ணீரில் குமிழியாக வந்தது.

"கப்பி இல்லாமலே பொங்குதுடா மச்சான்!" ரபீக் துள்ளினான்.

குமிழி அடங்கியதும் காய்ச்சி வடித்தோம். மிஸ் முற்றத்தில், நடுப்பகல் வெயிலில், பீங்கான் தட்டில் கொஞ்சம் ஊற்றி நெருப்புக்குச்சி வைத்தார். ஒன்றும் தெரியவில்லை.

"எங்க நெருப்பு? தண்ணியத்தான் வடிச்சிரிக்கீங்களா?" ஹாஜியார் குனிந்தார்.

தட்டுக்கு மேலே சூட்டில் எதிர்ச்சுவர் நெளிவதைக் கண்டேன். பெரியவர்கள் முன்னால் நான் வாய் திறப்பதில்லை. அன்று கத்தினேன்.

"ஹாஜியார், தாடி!"

அவர் பின்னால் பாய்ந்தார். கையிலிருந்த லேஞ்சித் துணியின் நுனி தட்டில் பட்டுக் குப்பென்று பற்றியது. கீழே போட்டு மிதித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

"எரியுது மனே! அல்ஹம்துலில்லாஹ்! நெல்லுக்கு நான் வேற இடம் பாக்கன்."

ரபீக்கின் கப்பிச் சட்டியில் இப்போது எங்கள் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கிறது.

இந்த வேலைக்கு வரும் தம்பிமாருக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது இதுதான்: ஸ்பிரிட் நெருப்பு வெயிலில் தெரியாது. முதலில் கண்டவர் கத்திவிட வேண்டும், முன்னால் நிற்பது ஹாஜியாராக இருந்தாலும்.