பேர் வைக்காத பிள்ளைகள்

1955இல் கொழும்பிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் ஒருவர், நிந்தவூரில் வீடு வீடாகப் போய்ப் பிறந்த, இறந்த பிள்ளைகளின் கணக்கைக் கேட்டுப் படிவம் நிரப்பக் கல்முனைக் கிருபாமலரை வேலைக்கு எடுத்தார். அவள் அதற்கு முன் ஆசிரியையாக இருந்தவள்.

கடலோர ஒழுங்கையொன்றில் அறுபது வீடுகள். இறந்த பிள்ளைகள் நான்கு என்றன படிவங்கள். பதிவேட்டிலும் அதே நான்கு. ஆராய்ச்சியாளருக்குத் திருப்தி. கிருபாமலருக்கு இல்லை. நெல் அவிக்கும் பெண்களோடு இருந்து கதைத்தபோது, எந்தப் படிவத்திலும் இல்லாத பிள்ளைகள் அவர்களுடைய பேச்சில் வந்துபோனார்கள்.

சபியா உம்மாவிடம் கேட்டாள்.

"ராத்தா, மூணு புள்ளயெண்டுதானே சொன்னீங்க?"

"ஓம் டீச்சர், பேரு வெச்சது மூணு. ரெண்டு புள்ள பேரு வெக்கிற ஏழாம் நாளைக்கு முன்னமே மவுத்தாப் பெய்த்து. பேரில்லாத புள்ளய எங்க எழுதுவீங்க?"

அந்த ஒழுங்கையின் மருத்துவிச்சி ஆமினா உம்மா எதையும் மறைக்கவில்லை. வீடு வீடாக நினைவுபடுத்திச் சொன்னாள். பால் குடிக்க முடியாமல் வாய் இறுகி, உடம்பு வில்லாய் வளைந்து போன பிள்ளைகள் பதினொன்று. கொடி அறுத்த கத்தியையும் தொப்புளில் வைக்கும் அடுப்புச் சாம்பலையும் அவளே எடுத்துக் காட்டினாள்.

அந்தக் கத்தியாலும் சாம்பலாலும்தான் பிள்ளைகளுக்கு ஏற்புவலி வந்தது என்று கிருபாமலருக்கு விளங்கிவிட்டது. ஆனால் நம்பிக் கதைத்தவளை எப்படிக் காட்டிக்கொடுப்பது? பெயரைச் சொல்லாமல் கொழும்புக்கு எழுதிவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள். மூன்று கிழமை போனது.

சுகாதார அதிகாரிகள்தான் வந்தார்கள். ஒழுங்கைக்கு ஒரே மருத்துவிச்சி, பெயர் தேவைப்படவில்லை. இனிப் பிரசவம் பார்க்கக் கூடாது என்று தடுத்துவிட்டுப் போனார்கள். அன்று பின்னேரமே கிருபாமலர் அவளிடம் ஓடினாள்.

"எனக்குக் கோவமில்ல டீச்சர்," என்றாள் ஆமினா உம்மா. "கத்தியாலதான் எண்டு தெரிஞ்ச அண்டைக்கே எனக்கிட்டச் சொல்லிரிக்கலாமே? போன கிழமையும் ஒரு புள்ளக்கி அதே கத்தியாலதான் கொடி அறுத்தன். நேத்து மவுத்து."



பன்னிரண்டாவது பிள்ளையையும் சேர்க்கச் சொல்லி ஆராய்ச்சியாளருக்கு எழுதினாள். ஆய்வுக்காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அடுத்த வருடம் அரசாங்க மருத்துவிச்சி வந்தபின், அந்த ஒழுங்கையில் அப்படி ஒரு பிள்ளையும் சாகவில்லை. வேறு ஊர்களில் படிவம் நிரப்பக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி அந்த ஒழுங்கைக்குப் போய், கர்ப்பிணிகளிடம் கத்தியைப் பற்றியும் சாம்பலைப் பற்றியும் சொல்லிவந்தாள். சில வீடுகளில் இருக்கச் சொன்னார்கள். அந்தப் பன்னிரண்டாவது பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் மட்டும் கதவு திறக்கவேயில்லை.