மாமா தொட முடியாத பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு புதுத் தொடர்மாடிக்குப் போயிருந்தேன். அதன் மொட்டைமாடி ஹோலில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு. வந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்று கடலைப் பார்த்தார்கள். நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தேன்.

பெரிய தாங்கி. கொங்கிறீட். வெள்ளைப் பெயின்ட். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "என்ன பிள்ளை, உதில என்னத்தைப் பாக்கிறீர்?" என்று கேட்டார். "சும்மா அன்ரி" என்றேன். வேறு என்ன சொல்வது? இந்தத் தாங்கி இந்த அளவில் இருப்பதற்கு நானும் ஒரு காரணம் என்று சொன்னால் நம்புவாரா? ஃபலூடா குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற கதையும் இல்லை அது.

உங்களுக்குச் சொல்கிறேன்.

வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும் — இந்தப் பக்கம் எழுதுவது என் சனிக்கிழமை வேலை. மற்ற நாட்களில் கொள்ளுப்பிட்டியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் இருக்கிறேன். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், எவ்வளவு கரண்ட் வேண்டும், எந்த அறைக்கு எந்த அளவு ஏசி என்றெல்லாம் இன்ஜினியர்மாருக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் மென்பொருள். அதைச் செய்பவள் நான் இல்லை. செய்பவர்கள் உள்ளே கண்ணாடி அறையில் இருக்கிறார்கள். நான் வாசல் பக்கம் இருக்கிறேன். பாவிப்பவர்கள் 'இதைச் சேர்த்துத் தாருங்கள், அதை மாற்றித் தாருங்கள்' என்று கேட்பதை எல்லாம் வாங்கி உள்ளே அனுப்புவது என் உத்தியோகம்.

என்னவெல்லாம் கேட்பார்கள்?

ஒருவர், அறிக்கை இன்னும் தடிப்பாக வரவேண்டும் என்றார். கணக்கில் பிழை இல்லையாம். பக்கம்தான் காணாதாம். வீட்டுக்காரர் கையில் தூக்கிப் பார்த்துத்தான் திருப்திப்படுகிறாராம். இன்னொருவர், ஈசான மூலையில் கழிவறையை வரைந்தால் மென்பொருள் சத்தம் போட வேண்டும் என்றார். தெமட்டகொடையில் இருந்து ஒருவர், விடை இவ்வளவு கெதியாக வரக்கூடாது என்று முறைப்பாடு செய்தார். பக்கத்தில் இருந்து பார்க்கிற ஆட்களுக்கு, தான் ஒன்றுமே செய்யவில்லை என்று தோன்றுகிறதாம்... கொஞ்சம் யோசித்துவிட்டு விடை சொல்லட்டுமாம்.

எல்லோருக்கும் நான் ஒரே பதிலைத்தான் எழுதுவேன். 'தங்கள் வேண்டுகோள் பரிசீலனையில் உள்ளது.' இது பொய் இல்லை. உண்மையாகவே பரிசீலிக்கிறேன். பிளேன்டீ குடிக்கும்போது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கஜன் என்கிற இன்ஜினியர் ஃபோனில் கோல் எடுத்தார்.

"அக்கா, ஒரு பெட்டியைப் பூட்டித் தரவேணும்."

"எந்தப் பெட்டி?"

"ஒரு படுக்கை அறைக்கு எத்தினை பேர் எண்டு திரையில கேக்கிற பெட்டி. அதில ரெண்டு எண்டு வருது. அதை ஒருத்தரும் மாத்தேலாமச் செய்யுங்கோ."

"நீங்கள் மாத்தாமல் விட்டாச் சரிதானே?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் மாத்தமாட்டன் அக்கா. மாத்தச் சொல்லுவினம்."

"ஆர்?"

"மாமா."

மாமா என்றால் பெண் கொடுத்த மாமா. தொடர்மாடி கட்டி விற்பவர். கஜன் அவரிடம் இன்ஜினியராகச் சேர்ந்தவர். முதலில் வேலை கிடைத்தது. பிறகு பெண் கிடைத்தது. அதற்குப் பிறகு 'இல்லை' என்கிற சொல் வாயில் கிடைக்காமல் போய்விட்டது.

அந்தப் பெட்டியில் அப்படி என்ன இருக்கிறது? எத்தனை அறை, அறைக்கு எத்தனை பேர் — இந்த இரண்டையும் வைத்துத்தான் கட்டடத்துக்கு எவ்வளவு பெரிய தாங்கி வேண்டும் என்று மென்பொருள் சொல்லும். இரண்டை ஒன்று ஆக்கினால் தாங்கி பாதியாகும். தாங்கி பாதியானால் மொட்டைமாடியில் இடம் மிஞ்சும். இடம் மிஞ்சினால் ஹோலைப் பெரிதாகக் கட்டலாம், பிறந்தநாளுக்கும் சாமத்தியவீட்டுக்கும் வாடகைக்கு விடலாம். மாமாவின் கணக்கு அது. அதிலும் பிழை இல்லை.

ஆனால், மூன்று அறை வீட்டில் மூன்றே பேர்... அதுவும் வெள்ளவத்தையில்! கேட்கவே வேடிக்கையாக இல்லையா? சும்மா நாளிலேயே ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வந்த சித்தப்பா ஒருவர் ஹோலில் படுத்திருப்பார். ஓகஸ்ட் மாதம் கனடாவும் லண்டனும் வந்து இறங்கினால் கேட்கவே வேண்டாம். மெத்தை விரிக்காத இடம் குசினி மட்டும்தான். இவ்வளவு பேரும் கலியாண வீட்டுக்குப் போகிற காலையில், ஒரே நேரத்தில் தலை முழுகுவார்கள். மாமாவுக்கு இது தெரியாதா? அவர் வீட்டிலேயே அப்படித்தான். ஆனால் கணக்குப் போடும்போது மட்டும் அறைக்கு ஒருவர்.

இதற்கு முன் கொட்டாஞ்சேனையில் கட்டிய தொடர்மாடியிலும் ஒன்றுதான் போட்டிருக்கிறார்கள். கோயில் திருவிழா அன்று காலையில் தண்ணீர் நின்றுவிட்டது. நாலாம் மாடியில் இருந்த ஒரு மிஸிஸ் கஜனுக்குக் கோல் எடுத்தாராம். "தலையில ஷாம்பூவோட நிக்கிறன் தம்பி. நான் இப்ப என்ன செய்ய?"

"அவ ஏசியிருந்தாக் கூடப் பரவாயில்லை அக்கா. அழுதவ" என்றார் கஜன். "பிளானுக்குக் கீழ என்ர பேர்தானே கிடக்கு. மாமாட்ட ஒருத்தரும் கேக்கேல்லை. இப்பவும் காலமை கோல் வந்தா எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. இது அதைவிடப் பெரிய தொடர்மாடி. இதிலயும் அப்பிடி நடந்தா நான் இந்த ரோட்டால தலை நிமிந்து போகேலாது."

எனக்குப் பாவமாக இருந்தது. உள்ளே போய், இதையெல்லாம் செய்கிற நுவனிடம் சொன்னேன். நுவன் நல்ல பெடியன், கெட்டிக்காரன். ஒரு பெட்டியைப் பூட்ட வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அக்கே, பிஸ்சுத?" என்றான். சிங்களத்தில் பைத்தியமா என்று அர்த்தம்.

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எல்லோரும் பூட்டியதைத் திறக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். எங்கள் மென்பொருளை நாங்கள் விற்பதே 'எதையும் நீங்கள் விரும்பியபடி மாற்றலாம்' என்று சொல்லித்தான். இந்த ஒரு மனிதர் மட்டும் தன் கையைக் கட்டிவிடச் சொல்கிறார்.

பரிசீலனையில் உள்ளது என்று எழுதினேன்.

கஜன் விடவில்லை. பூட்டாவிட்டால் சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வரட்டும் என்றார். அடுத்த கிழமை, சிவப்பு காணாது, சத்தமும் வரட்டும் என்றார். அதற்கடுத்த கிழமை, ஒன்று என்று போட்டால் கொம்பியூட்டர் அப்படியே நின்றுவிட்டாலும் பரவாயில்லை என்றார். கடைசியில், "அக்கா, ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்றார்.

போனேன். கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு லேனில் அவர்களுடைய ஒபிஸ். மாமாவை ஒரு வில்லனாகத்தான் மனதில் வைத்துக்கொண்டு போனேன். அவரோ கதவு வரைக்கும் எழுந்து வந்தார். என் அப்பாவின் சுகம் விசாரித்தார். சாப்பிட ரோல்ஸ் எடுப்பித்தார், அது ஆறிவிட்டது என்று வேறு எடுப்பித்தார். நல்ல மனிதர். அதுதான் சிக்கலே. கெட்ட மனிதரிடம் 'இல்லை' என்று சொல்ல யாராலும் முடியும்.

பிறகு மேசைக்கு வந்தோம். கஜன் கொம்பியூட்டருக்கு முன்னால். மாமா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார்.

"தம்பி, அதில ஒண்டு எண்டு போட்டு அமத்தும் பாப்பம்."

கஜன் ஒன்று என்று போட்டு அமத்தினார். தாங்கி பாதியானது.

"பாத்தீரே? கொம்பியூட்டரே இவ்வளவு காணும் எண்டுது." மாமா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர்தானே உதுக்குப் பொறுப்பு? உதில பிழை ஏதும் இருக்கோ?"

நான் கஜனைப் பார்த்தேன். அவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோல்ஸ் என் வாயில் பாதி இருந்தது. அதை விழுங்குகிற நேரத்தில்தான் அந்தப் பொய் வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

"இப்ப மாத்தலாம் அங்கிள். அடுத்த வேர்ஷன்ல, மாத்திற ஆள் முழுப் பேரையும் அடிக்க வேணும்."

"பேரோ?"

"ஓம். பிரின்ட் எடுத்தா ஒவ்வொரு பக்கத்திலயும் கீழ வரும். இதை மாத்தினவர் இன்னார் எண்டு."

"ஆர் உதைக் கேட்டது?"

"பாவிக்கிற ஆக்கள்" என்றேன். பன்மையில் சொன்னது கொஞ்சம் மிகைதான்.

இனி என்ன செய்வது? பொய்யை உண்மையாக்க வேண்டும். நேரே நுவனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பிஸ்சு என்று சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தான். "பூட்டிறது சரியில்லை. பேர் போடுறது நல்லாயிருக்கு அக்கே" என்று தன் தமிழில் சொல்லிவிட்டு, கையில் இருந்த வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றைக்கே தொடங்கினான். நுவனுக்கும் பேலியகொடையில் ஒரு மாமனார் இருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

மாமாவின் கடைசிப் பிளான் பிரின்டுக்குப் போகுமுன் புது வேர்ஷன் வந்தது. அதைப் பழக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் போனேன். உண்மையில் என்ன நடக்கும் என்று விடுப்புப் பார்க்கத்தான் போனேன்.

அதே மேசை. அதே கதிரைகள்.

"ஒண்டு எண்டு போடும் தம்பி."

கஜன் போட்டார். திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. 'மாற்றுபவரின் முழுப் பெயர்.'

மாமா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். கட்டம் அங்கேயேதான் இருந்தது.

"உம்மட பேரைப் போடுமன்."

வெளியே கடற்கரை ரயில் போனது. கஜனின் காது சிவந்திருந்தது. இந்தப் பெடியன் போடப்போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். அந்தப் பெயர் அங்கே விழுந்தால் கதை முடிந்தது. நுவனின் வேலையும் வீண், என் பொய்யும் வீண், இன்னொரு அன்ரி ஷாம்பூவோடு நிற்கப் போகிறார்.

கஜன் கீபோர்டை மெல்ல மாமாவின் பக்கம் தள்ளினார்.

"இல்லை மாமா." சரியாகக் கேட்கக்கூட இல்லை. தொண்டையைச் செருமிவிட்டு இன்னொரு தரம் சொன்னார். "இல்லை மாமா. வேணுமெண்டா நீங்கள் உங்கட பேரைப் போடுங்கோ."

மாமா கீபோர்டைப் பார்த்தார். ஒரு விரலை நீட்டி, ஒரு எழுத்துக்கு மேலே வைத்துக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையில் நடந்தது அவருக்கும் தெரியாததா? விரலை எடுத்துவிட்டார்.

"சரி, ரெண்டாவே கிடக்கட்டும்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "பிள்ளைக்குத் தேத்தண்ணி கொண்டு வாங்கோ" என்று சத்தம் போட்டார்.

எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும் போல இருந்தது. மரியாதை கருதி, அன்றைக்கும் தட்டில் இருந்த ரோல்ஸை எடுத்துக் கடித்தேன்.

அதன் பிறகு எனக்கு வருகிற வேண்டுகோள்களை நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். தடித்த அறிக்கை கேட்டவருக்கு உண்மையில் வேண்டியது பேப்பர் இல்லை. 'நான் பாடுபட்டுத்தான் செய்திருக்கிறேன்' என்று வீட்டுக்காரரிடம் சொல்ல வாய் வரவில்லை. தெமட்டகொடைக்காரருக்கும் அதே கதைதான். எதிரில் இருக்கும் மனிதரிடம் சொல்ல முடியாத ஒன்றை, எங்கள் மென்பொருள் சொல்லிவிடாதா என்றுதான் பாதிப் பேர் கேட்கிறார்கள். அது எப்படிச் சொல்லும்? மிஞ்சிப்போனால் ஒரு வெற்றுக் கட்டத்தைக் காட்டும். அதில் என்ன எழுதுவது, எழுதாமல் விடுவது என்பது நம்முடைய பாடு.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மொட்டைமாடி ஹோல் கொஞ்சம் சின்னதுதான். பந்திக்கு இரண்டு தரம் இருத்த வேண்டியிருந்தது. ஆனால் கனடாவில் இருந்து வந்த கூட்டம் கீழே ஒவ்வொரு வீட்டிலும் நிறைந்திருந்தது. எல்லோரும் தலை முழுகி, ஈரம் காயாத கூந்தலோடுதான் மேலே வந்தார்கள். ஒரு பைப்பும் நிற்கவில்லை. கஜனின் ஃபோன் சட்டைப் பையில் சத்தமில்லாமல் கிடந்தது. அதைப் பார்க்க எனக்கு மெத்தச் சந்தோஷமாக இருந்தது.

தாங்கிக்குப் பக்கத்தில் மாமா நின்றார். சுற்றிவர விருந்தாளிகள்.

"நான் அப்பவே சொன்னனான்," என்று கொங்கிறீட்டில் தட்டிக் காட்டினார். "எதில மிச்சம் பிடிச்சாலும் டேங்கில மிச்சம் பிடிக்கக் கூடாது எண்டு. இவை இந்தக் காலத்துப் பிள்ளையள். கொம்பியூட்டர் சொல்லுறதைத்தான் கேப்பினம்."

கஜன் வெற்றிலைத் தட்டோடு பக்கத்தில் நின்றார். "ஓம் மாமா" என்றார்.

திங்கட்கிழமை காலையில் ஒபிஸுக்குப் போனால், கஜனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் காத்திருக்கிறது.

'அக்கா, ஒரு சின்ன வேண்டுகோள். மாற்றியவருடைய பெயர் பிரின்டில் வருவது போல, மாற்றமாட்டேன் என்று சொன்னவருடைய பெயரும் வரச் செய்யலாமா?'

பரிசீலனையில் உள்ளது என்று வழக்கம் போல அடித்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, பிளேன்டீகூடக் குடிக்காமல் நுவனிடம் போனேன்.