பிள்ளை பார்க்கும் வீடு

லின்ஸி ஸ்டாதர்ட் பிள்ளை பார்க்கும் தொழிலுக்கு வந்தது பிள்ளைகள் மேல் கொண்ட பிரியத்தால் என்று யாராவது சொன்னால் அவளே சிரித்துவிடுவாள். பெற்ற பிள்ளையை விட்டுப் பிரிய மனமில்லை, அவ்வளவுதான்.

கிரிம்ஸ்பி துறைமுகத்துக்குப் பின்னால் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்று அவளுடையது. பள்ளிக்கூடம் முடித்த வருஷத்திலிருந்தே மீன் தொழிற்சாலையில் வேலை. பெல்ட்டில் நகர்ந்து வரும் மீன் துண்டுகளை எடுத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். குளிரில் விரல் மரத்துப்போகும். ஆனால் வாய் மரத்ததே இல்லை. இந்தப் பக்கம் நாலு பேர், எதிர்ப்பக்கம் நாலு பேர். ஊரில் எவள் வீட்டில் என்ன நடந்தாலும் மதியச் சாப்பாட்டுக்குள் பெல்ட்டுக்கு வந்துவிடும். மகள் ஐவி பிறந்த பிறகு, குழந்தையைக் காப்பகத்தில் விட்டால் தன் சம்பளம் அப்படியே அங்கே போய்விடும் என்று தெரிந்தது. அப்போதுதான் அக்கா சொன்னாள்.

"ஊரான் பிள்ளைய நீ பாரு. அதுக்குக் காசு வாங்கிக்கோ. உன் பிள்ளை ஓசியில வளந்துட்டுப் போகுது."

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. பயிற்சிக்குப் போனாள். ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தி மூச்சு வரவழைக்கக் கற்றுக்கொண்டாள். அனுமதி தருவதற்கு முன் வீட்டைப் பார்க்க அதிகாரி அம்மாள் ஒருவர் வந்தார். நல்ல மாதிரிதான், டீயைக் குடித்துக்கொண்டே ஒவ்வொரு மூலையையும் கண்ணால் தடவினார். மாடிப்படிக்கு மேலும் கீழும் தடுப்புக் கதவு, அலமாரிகளுக்குப் பூட்டு, சன்னலுக்குக் கொக்கி. கொல்லைக் கதவு மட்டும் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படி இருக்க வேண்டும், தீப்பிடித்தால் சாவி தேடிக்கொண்டு நிற்க முடியாது என்றார். நியாயந்தானே. லின்ஸியின் கணவன் டேரன் பழைய பூட்டைக் கழற்றிவிட்டு, கையால் திருகும் குமிழ் வைத்த பூட்டு ஒன்றைப் பொருத்தினான்.

டேரனுக்கும் அதே தொழிற்சாலையில் வேலை, ஆனால் இரவுப் பணி. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரையும் போலீஸ் விசாரித்துச் சொன்னால்தான் அனுமதி கிடைக்கும் என்றதும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"என் வீட்ல, என் கட்டில்ல நான் படுத்துத் தூங்குறதுக்கு போலீஸ்கிட்ட நற்சான்றிதழ் வாங்கணுமாக்கும்?"

"நீ தூங்குற சத்தத்துக்கு எப்பவோ பிடிச்சு உள்ள போட்டிருக்கணும்" என்றாள் லின்ஸி.

முதலில் வந்தவன் ரோரி. இரண்டு வயது தாண்டியவன், சிவந்த தலைமுடி, எதைப் பார்த்தாலும் திருக வேண்டும், அழுத்த வேண்டும். அவன் அம்மா ஜெம்மா லிங்கன் நகரத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். விடிந்தும் விடியாமலும் காரில் வந்து பிள்ளையை இறக்கிவிட்டு ஓடுவாள். அவள் புருஷன் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பழுது பார்க்கப் போகிறவன். போனால் இரண்டு வாரம் வீட்டுப் பக்கம் தலை காட்ட மாட்டான். ஜெம்மாவின் அம்மா ஸ்காட்லாந்தில் இருந்தாள். லின்ஸியை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை என்பது முதல் நாளே, பிள்ளையை நீட்டிய வேகத்திலேயே தெரிந்தது.

இரண்டு பிள்ளைகள்தானே என்று நினைத்திருந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கு எட்டுக் கை இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. காலையில் டேரன் மீன் வாடையோடு வந்து குளித்து மேலே போய்ப் படுப்பான். அதற்குப் பிறகு வீட்டில் சத்தம் கூடாது. சத்தம் போடாத பிள்ளை உலகத்தில் உண்டா? "ஷ்ஷ்" என்பதே நாள் முழுக்க அவள் பேசிய பேச்சு. மற்றபடி, "ஆடு என்ன சொல்லும்? மாடு என்ன சொல்லும்?" கழிப்பறைக் கதவைச் சாத்த முடியாது, சாத்தினால் வெளியே இரண்டு பேரும் கதவைப் பிறாண்டுவார்கள். எப்போதும் யாராவது ஒருவர் அவள் காலையோ முடியையோ பிடித்துக்கொண்டிருப்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் பழைய தோழிகள் வேலை முடிந்து கூட்டமாகத் தெருவில் சிரித்துக்கொண்டு போவார்கள். அவர்களில் டோனா என்பவள் சன்னலைத் தட்டி, "கொடுத்து வச்சவ! வீட்ல கால நீட்டிக்கிட்டு சம்பாதிக்கிறா பாரு!" என்று கத்துவாள். லின்ஸி கையை ஆட்டுவாள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை சன்னலை விட்டு நகர மாட்டாள்.

பக்கத்து வீட்டில் பெரில் இருந்தாள். புருஷன் செத்த பிறகு தனிக்கட்டை. சுவர் வழியாக அழுகைச் சத்தம் கேட்கிறது என்று ஏற்கெனவே இரண்டு முறை வந்து சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தாள். கடைசியாக வந்தபோது, "வீடா இது, சந்தையா?" என்று கேட்டாள். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

நவம்பரில் ஒரு மதியம். அடுப்பில் பீன்ஸ் சிறு தீயில் கொதித்துக்கொண்டிருந்தது. ஐவி உயர நாற்காலியில் வாரால் கட்டப்பட்டு ரொட்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள். ரோரி தரையில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அழுக்கு நாப்கின் கட்டிய பையை லின்ஸி கொல்லையில் இருந்த குப்பைத் தொட்டியில் போடப் போனாள். கதவைத் திறந்தே வைத்திருந்தாள். போட்டுவிட்டு உடனே திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. வெளியே ஈரக் காற்று, தூரத்தில் கடற்பறவைச் சத்தம். யாரும் அவளைத் தொடவில்லை. தொட்டியின் மூடி மேல் கையை வைத்தபடி நின்றாள். கொஞ்ச நேரந்தான்.

பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு சின்ன 'டக்'.

கைப்பிடியை அழுத்தினாள், அசையவில்லை. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோரி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"ரோரி கண்ணு, அந்தக் குமிழைத் திருகு. இப்பத் திருகினேல்ல, அதே மாதிரி."

அவன் கண்ணாடியில் மூக்கை அழுத்தி மூக்கைச் சப்பையாக்கிக் காட்டினான். அவனுக்கு இது புது விளையாட்டு.

"டேரன்!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள். அவன் படுக்கும் அறை தெருப் பக்கம். காதில் பஞ்சு, சன்னலில் கறுப்புத் திரை. எல்லாம் அவளே வாங்கிக் கொடுத்தது. போனும் சாவியும் உள்ளே மேசை மேல் இருந்தன. முன்வாசலும் பூட்டியிருந்தது. சந்து வழியாகச் சுற்றிப் போய் முன்கதவைத் தட்டலாம். ஆனால் போனால் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். ஐவி வாயில் ரொட்டி. அடுப்பில் தீ. போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். கண்ணாடி கெட்டியானது, பிள்ளைகள் உடைத்துவிடக் கூடாது என்று போட்டது.

"என்ன கூச்சல் இது? செத்தவன் எழுந்து வருவான் போலிருக்கே!" சுவருக்கு மேலே பெரிலின் தலை தெரிந்தது.

"பெரில், பிள்ளைங்க உள்ள மாட்டிக்கிச்சுங்க. அடுப்பு எரியுது. டேரன் தூங்குறான்."

பெரில் வேறொன்றும் கேட்கவில்லை. "நீ அங்கேயே நில்லு. பிள்ளைங்க மேல இருந்து கண்ண எடுக்காத. நான் முன்பக்கம் போறேன்."

லின்ஸி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பீன்ஸ் அடிப்பிடித்துப் புகை மெல்லக் கிளம்புவது தெரிந்தது. சிரித்துக்கொண்டே இரு, அவன் பயந்தால் ஐவியும் பயந்து ரொட்டி தொண்டையில் சிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வாயை இழுத்து வைத்துச் சிரித்தாள். "ஆடு என்ன சொல்லும் ரோரி?" என்று கேட்டாள். கண்ணாடிக்குள்ளிருந்து அவன் "மே" என்றான். அதற்குள் புகை எச்சரிக்கை மணி வீறிட்டது. ரோரியின் முகம் கோணியது. விளையாட்டு முடிந்துவிட்டது. கதவோடு ஒட்டிக்கொண்டு, தூக்கச் சொல்லி அவளிடம் கையை நீட்டி அழுதான்.

தெருப் பக்கம் பெரில் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறாள், மணி அடித்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. தன் வீட்டுக்கு ஓடி உருளைக்கிழங்குக் கூடையைத் தூக்கிவந்து மாடிச் சன்னலைக் குறிவைத்துக் கிழங்குகளை ஒவ்வொன்றாக எறிய ஆரம்பித்தாள். கண்ணாடி சில்லு சில்லாகப் போன பிறகுதான் டேரன் தலையை நீட்டினான்.

"பைத்தியமா உனக்கு?"

"பைத்தியம் இருக்கட்டும், கீழ போய்க் கதவத் திறடா மடையா! பிள்ளைங்க வேகுது!"

ஜட்டியோடு இறங்கியவன் தடுப்புக் கதவில் முட்டியை இடித்துக்கொண்டு விழுந்து எழுந்து வந்தான். கதவு திறந்ததும் லின்ஸி அடுப்பை அணைத்தாள், ஐவியின் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தாள், ரோரியைத் தூக்கிக்கொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரில் உள்ளே வந்து தானே டீக்குக் கெட்டிலைப் போட்டாள்.

"அந்தக் கிழங்கெல்லாம் என் ராச்சாப்பாடு" என்றாள்.

"ஜெம்மாகிட்ட சொல்லப் போறியா?" என்று கேட்டான் டேரன். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலயே."

"சொல்லணும். அனுமதி கொடுத்தவங்ககிட்டயும் சொல்லணும், அதான் விதி."

"விட்டுட்டுப் போயிடுவா."

 விட்டுப் போனால் போகட்டும் என்று லின்ஸிக்குள் ஏதோ ஒன்று காத்துக்கொண்டிருந்தது. பாவி, இப்படி நினைக்கிறாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் நினைப்பு போகவில்லை.

சாயங்காலம் ஜெம்மா வந்தபோது வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். குப்பை போட்ட பிறகும் சும்மா நின்றதையும் மறைக்கவில்லை. ஜெம்மாவின் முகம் வெளுத்தது. ரோரியின் கை காலையெல்லாம் தடவிப் பார்த்தாள். லின்ஸி காத்திருந்தாள்.

"என்னை வேண்டாம்னு சொல்லிடாத" என்றாள் ஜெம்மா.

"என்ன?"

"நீ இனிமே அவனப் பாக்க மாட்டேன்னு சொல்லத்தான் நிறுத்தி வச்சிருக்கியோன்னு நினைச்சேன். எனக்கு வேற யாரும் இல்ல லின்ஸி. காப்பகத்துல வரிசை ஒரு வருஷம் நிக்குது. அந்தப் பூட்ட மாத்திடு. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா கொண்டுவரட்டா? ஒரு கூட்டம் இருக்கு."

"கொண்டா" என்றாள் லின்ஸி. கதவைச் சாத்திய பிறகுதான், ஜெம்மா விட்டுப் போய்விடுவாள் என்று தான் எவ்வளவு எதிர்பார்த்திருந்தாள் என்பது அவளுக்குப் புரிந்தது.

பூட்டின் குமிழ் உயரத்துக்குப் போனது. மேலிடத்திலிருந்து வந்து பார்த்து, இனி கவனமாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெரில் எப்போதாவது வந்து உட்காருவாள். பிள்ளைகளைத் தொட மாட்டாள், கொஞ்ச மாட்டாள், ஊரில் எவள் எவனோடு ஓடினாள் என்று சொல்லுவாள். அந்தக் குளிர்காலத்தை லின்ஸி அதை வைத்துத்தான் கடத்தினாள்.

மார்ச் பிறந்த சமயம் டோனா சன்னலைத் தட்டினாள். பெல்ட்டில் காலை ஷிப்டில் ஓர் இடம் காலி, பழைய ஆளாக இருந்தால் நல்லது என்று மேற்பார்வையாளர் கேட்டாராம். ஐவியைத் தானே பார்த்துக்கொள்வதாக அக்கா சொன்னாள். அவளுக்கு அப்போது வேலை போயிருந்தது. எல்லாம் கூடி வந்தது. அன்று ராத்திரி லின்ஸி வேலைக்குப் போடும் வெள்ளைப் பூட்ஸைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தாள். ஜெம்மாவிடம் சொல்ல வேண்டியதை அடுப்படியில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். ஒரு மாசம் தவணை தருகிறேன், வேறு ஆள் தேட நானும் உதவுகிறேன், கோபப்படாதே.

மறுநாள் ஜெம்மா வழக்கத்துக்கு முன்னாலேயே வந்தாள். ரோரியை உள்ளே விட்டவள் காருக்கு ஓடவில்லை. மழையில் நனைந்துகொண்டு நின்றாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் லின்ஸி.

"நானும்தான். நான் முதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி அழுதுடுவேன்." கை வயிற்றின் மேல் போயிற்று. "எங்கம்மாவுக்கே இன்னும் சொல்லல. என் வீட்டுக்காரன் கடல்ல இருக்கான். உன்கிட்டத்தான் முதல்ல கேக்கறேன். அடுத்த வருஷம் ஒரு குட்டிக்கு இடம் இருக்குமா? இருக்குன்னு சொல்லேன்."

உள்ளே ரோரி ஐவியின் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுவரில் முட்டிக்கொண்டு திரிந்தான். இருக்கு என்று சொன்னது தன் குரல்தான் என்று லின்ஸிக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. ஜெம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். கார் போன பிறகும் அவள் கன்னத்து ஈரம் லின்ஸியின் கழுத்தில் இருந்தது.

மாடியில் டேரன் இன்னும் தூங்கவில்லை. காதுப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"சொல்லிட்டியா?"

"பேசியாச்சு."

"என்ன சொன்னா?"

"அக்டோபர்ல பிறக்குமாம்" என்றாள் லின்ஸி.

 டேரன் பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான். கீழே இருவரில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.