மெர்சிக்குப் பயம் வந்த நாள்

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை. ஏன் என்று கேட்டு உங்களில் சிலர் ஆசிரியருக்குப் போன் செய்தீர்களாம்... நன்றி. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கட்டிலில் இல்லை, கட்டிலுக்குப் பக்கத்தில்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இடி என்றால் பயம். பஸ் வேகமாகப் போனால் பயம். டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தால் அதைவிடப் பயம்.

அப்படிப்பட்டவள் ஐம்பத்தெட்டு வயதில் ஸ்கூட்டர் பழகலாமா? பழகுகிறேன். ஸ்கூலில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, தலைவலி மாத்திரை வாங்கக்கூட யாராவது கொடகவெல டவுனுக்குப் போகிறார்களா என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகக் கேட்டு அலுத்துப்போனது. பழகுநர் அனுமதி எடுத்து, எல் போர்டும் மாட்டியாயிற்று.

கற்றுத் தருகிறவள் மெர்சி. என் தங்கை மகள். இருபத்திரண்டு வயது. அம்மாக்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அந்தப் பிள்ளை மடுவத்தில் டீச்சர். அவளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அடைமழையில் ஒற்றைக் கையால் ஸ்கூட்டர் ஓட்டி வருவாள். "பெரியம்மா, விழுந்தா எழும்பலாம். அவ்ளோதான்" என்பாள்.

விழுந்தால் எழும்புகிற வயதில் அவள் இருக்கிறாள். அதைச் சொன்னால் சிரிப்பாள்.

அந்த வியாழக்கிழமை பின்நேரம், மூடிக் கிடக்கும் பழைய கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் எட்டுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். வளைவுக்கு அடையாளமாகக் கல் வைப்பது மெர்சியின் வழக்கம். இன்னும் ஒரு கல் வேண்டும் என்று ரப்பர் மரத்தடிக்குப் போய்க் குனிந்தாள்.

அவள் கத்தவில்லை. "ச்சீ" என்று மட்டும் சொன்னாள். கையை உதறினாள். சருகுக்குள் ஒரு சருகு நகர்ந்துபோனதை நானும் பார்த்தேன். சிங்களத்தில் குனகட்டுவா என்பார்கள். குட்டைப் பாம்பு, காய்ந்த ரப்பர் இலையின் நிறம். எங்கள் பக்கத்தில் இதனிடம் கடி வாங்காத குடும்பம் குறைவு. பிழைத்தவர்களும் உண்டு. சிறுநீரகம் போய் வருடக்கணக்கில் அலைந்தவர்களும் உண்டு. எனக்கு அந்த இரண்டாவது வகை ஆட்கள்தான் அப்போது ஞாபகம் வந்தார்கள்.

வலது கை. சுட்டுவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளிகள்.

நான் அவளுடைய ஷோலை உருவி மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டப் போனேன். என் அம்மா அப்படித்தான் செய்வார், நானும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன்.

"கட்டக் கூடாது பெரியம்மா" என்றாள் மெர்சி. "ட்ரெய்னிங்ல சொன்னாங்க. கட்டினா கைதான் போகும். மோதிரத்தக் கழட்டுங்க, வீங்க முன்ன."

கழற்றினேன். வளையலையும் கழற்றினேன். அதே ஷோலைக் கழுத்தில் மாட்டி, கையை ஆடாமல் அதில் தொங்கவிடச் சொன்னாள். பிறகு இடது கையால் போனை எடுத்து அம்புலன்ஸுக்கு அடித்துச் சிங்களத்தில் பேசினாள். பிள்ளை மடுவத்துக்குச் சத்து மா வரவில்லை என்று தோட்ட ஆபீசுக்குச் சொல்லுகிற அதே பதறாத குரல்.

போனை வைத்தவள் என்னைப் பார்த்தாள்.

"ஜங்ஷனுக்கு வாறாங்களாம். மேல வர ஏலாது."

ஏலாதுதான். ஜங்ஷனுக்குப் போகிற வழியில் ஓடையைக் கடக்கிற சின்னப் பாலம் போன மழையில் உடைந்துபோனது. தோட்டத்து ஆட்கள் அதற்கு மேலே பலகை போட்டிருக்கிறார்கள். சைக்கிள் போகும், மோட்டார் சைக்கிள் போகும். நாலு சக்கரம் போகாது.

"நடக்கவும் வேணாமாம். யாராச்சும் ஏத்திட்டு வரச் சொல்றாங்க."

யார் இருக்கிறார்கள்? ஆம்பிளைகள் டவுனில். என் தங்கை மேல் மலையில், அங்கே சிக்னல் இல்லை. இரண்டு பேருக்கு அடித்துப் பார்த்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

"நீங்கதான் பெரியம்மா."

நானா? பின்னால் ஆளை ஏற்றி நான் ஓட்டியதே இல்லை. அந்தப் பலகை வந்தால் இறங்கி நடப்பேன், மெர்சி ஓட்டிக் கடப்பாள். அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

அவள் ஏறி உட்கார்ந்து இடது கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க. தூரத்தப் பாருங்க. டயரப் பாக்காதீங்க."

போனேன். எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். முதல் இறக்கத்தில் ப்ரேக்கைப் பிடித்துப் பிடித்து வண்டி குதிரை மாதிரிக் குதித்தது. "மெல்லப் புடிங்க... விடுங்க... மெல்ல" என்று காதுக்குப் பக்கத்தில் குரல் வந்துகொண்டே இருந்தது. அவள் சொன்னதை மட்டும் செய்தேன். யோசித்திருந்தால் விழுந்திருப்பேன்.

இரண்டு முடக்கு வளைவு தாண்டியதும் குரல் நின்றுவிட்டது.

"மெர்சி?"

முதுகில் அவள் தலை சாய்ந்திருந்தது. ஹெல்மட் என் தோளில் தட்டிக்கொண்டே வந்தது.

"மெர்சி, பேசு."

"பெரியம்மா... பயமா இருக்கு."

பிறந்த நாளிலிருந்து தெரிந்த பிள்ளை. அவள் வாயில் இந்த வார்த்தையை அன்றுதான் கேட்கிறேன். அவள் உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. இடுப்பில் இருந்த பிடி தளர்ந்தது. "நான் செத்துருவேனா? அம்மாட்ட சொல்லல. மூச்சு வாங்குது பெரியம்மா" என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

அவள் விழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். விஷத்தால் இல்லை, பயத்தால். அவளுக்கு அது பழக்கமில்லை. எனக்கு? பயப்படுவதில் எனக்கு ஐம்பது வருட சர்வீஸ்.

"எனக்கும் பயந்தான் மெர்சி" என்றேன். "போகாது அது. போகச் சொல்லாத. ஆஸ்பத்திரி, அம்மா எல்லாத்தையும் இப்ப நெனைக்காத. அடுத்த முடக்கு வரைக்கும் மட்டும் நெனை. என்ன தெரியுதுன்னு சொல்லு."

"...தண்ணிப் பீலி."

"அதுக்கப்புறம்?"

"கோயில். மாதா கூடு."

"சரி. அங்க வரைக்கும் போவோம். மூச்ச மெல்ல விடு."

அப்படியே முடக்கு முடக்காக இறங்கினோம். அவள் பிடி மறுபடி இறுகியது. பிறகு பலகை வந்தது.

கீழே ஓடை சிவப்பாக ஓடியது. நான் வேகத்தைக் குறைத்தேன்.

"நிக்காதீங்க" என்றாள். சின்னக் குரல். ஆனால் டீச்சர் குரல். "பலகையில ஏறினா ப்ரேக் புடிக்கவே கூடாது. அந்தப் பக்கத்துக் கித்துள் மரத்தப் பாருங்க. அத மட்டும்."

பார்த்தேன். பலகை தடதடவென்று அதிர்ந்தது. கித்துள் மரம் கிட்டே வந்தது. வேறொன்றும் எனக்கு ஞாபகமில்லை.

ஜங்ஷனில் அம்புலன்ஸ் நின்றிருந்தது. "பய வென்ன எப்பா" என்றபடி மெர்சியை இறக்கினார் அதிலிருந்த இளைஞர். பயப்படாதே என்று அர்த்தம். என் கையை ஹேண்டிலிலிருந்து எடுக்கத்தான் அவருக்கு அதிக நேரம் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நேராகச் சொல்லிவிட்டார். இந்தப் பாம்புக்கென்று இங்கே தனி மருந்து இல்லையாம். இரத்தம் உறைகிறதா, சிறுநீர் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பார்த்துக்கொண்டே இருப்பது... நான் ஆயுள் முழுக்கச் செய்கிற வேலை. அன்று அதுகூட முடியவில்லை. கை முழங்கை வரை வீங்கி நீலமாகிவிட்டது. இரண்டாம் நாள் இரத்தத்தில் ஏதோ கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார்கள். என் தங்கை ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அன்று பார்வையாளர் நேரத்தில் மெர்சி கேட்டாள்.

"பெரியம்மா, நீங்க எந்த நாளும் இப்பிடியா இருக்கீங்க?"

"எப்பிடி?"

"பயந்துகிட்டு."

"ம்."

"எப்பிடிச் சாப்புடுறீங்க? எப்பிடித் தூங்குறீங்க?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. 'பயப்படாதே' என்று சொன்னவர்கள்தான் எல்லோரும்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பயத்தை உள்ளே வைக்காதே, யாரிடமாவது சத்தமாகச் சொல். கைக்கு ஒரு சின்ன வேலை கொடு. தெரியாததை நீயே ஊகிக்காதே, தெரிந்தவரைக் கேள்.

உடனே நேர்ஸைக் கூப்பிட்டு, "மிஸ், என் கிட்னி பழுதாகுமா?" என்று சிங்களத்தில் கேட்டாள். நாங்கள் யாரும் கேட்கத் துணியாத கேள்வி. நேர்ஸ் கட்டிலில் உட்கார்ந்து ரிப்போர்ட்டைக் காட்டி விளக்கினார். கூடியது கொஞ்சம்தான், நாளைக்கு மறுபடி பார்ப்போம், தண்ணீர் குடி என்றார். மெர்சி தண்ணீர் போத்தலை எடுத்தாள். அதுதான் கைக்கு வேலை.

மறுநாள் குறைந்தது. அதற்கடுத்த நாளும் குறைந்தது. வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்னும் கிளினிக்குக்குப் போக வேண்டும். விரலைச் சரியாக மடக்க முடியவில்லை. ஆனால் ஆள் இருக்கிறாள்.

இளசுகள் நமக்குப் போன் பழக்குகிறார்கள், ஸ்கூட்டர் பழக்குகிறார்கள், கட்டக் கூடாது என்று சொல்லி நம் கையைத் தடுக்கிறார்கள். பதிலுக்கு நாம் என்ன தருகிறோம்? தைரியம் சொல்கிறோம்... நம்மிடமே இல்லாத சரக்கு. அதற்குப் பதிலாக நாம் எப்படிப் பயந்தோம், பயந்துகொண்டே எப்படிச் சோறாக்கினோம், எப்படி ஸ்கூலுக்குப் போனோம் என்று சொல்லலாமே? அது நிறைய இருக்கிறது நம்மிடம்.

இப்போது மெர்சி தடியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சருகில் கால் வைக்கிறாள். லயத்தில் சிலர், "புள்ள பயந்துருச்சு, ஃபாதரக் கூட்டிட்டு வந்து ஜெபம் பண்ணுங்க" என்கிறார்கள். ஃபாதர் வரட்டும், நல்லதுதான். ஆனால் இந்தப் பயம் முழுக்கப் போய்விட வேண்டாம் என்று எனக்குள் ஒரு ஆசை.

நேற்று மறுபடி பழகத் தொடங்கினோம். கிளம்பும் முன் என் ஹெல்மட் பட்டியை இழுத்துப் பார்த்தாள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் அதைச் செய்ததில்லை. இறுக்கமாகத்தான் இருந்தது. இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தாள்.