எங்கள் வண்டிக் கதவு

எங்கள் வண்டியின் பின்கதவை ஒரு நாள் நான்கு ஆம்பிளைகள் சேர்ந்து உடைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. இதை நான் இப்போதும் பெருமையாகத்தான் சொல்வேன். சாவி உள்ளே இருந்தது, நாங்கள் வெளியே நின்றோம் என்பதையெல்லாம் அப்புறம்தான் சொல்வேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முதலில் அவர்கள் வீட்டுக் கதவைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. யுத்தத்தில் ஓடிய பட்டாளத்து வண்டிகளை இன்னும் அங்கங்கே ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் செங்கல்பட்டில் கணக்கு வாத்தியார். லீவு விட்டால் எங்களுக்குக் கோயில் கோயிலாகப் போகும் பழக்கம் உண்டு. போகிற ஊரிலெல்லாம் சத்திரத்தில் பாய் போட இடத்துக்கு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துப்போனது. ஒரு ஊரில் நான் விரித்த பாயை எவளோ ஒருத்தி காலால் தள்ளிவிட்டாள். அன்றைக்கு அவரிடம், "இனிமே நம்ம வூட்டையே தூக்கிக்கினு கெளம்புங்க, அப்பத்தான் நான் வருவேன்" என்று கத்திவிட்டேன். கோபத்தில் ஆயிரம் சொல்வோம். கணக்கு வாத்தியார் அதை அளவு போட்டு எடுத்துக்கொண்டார். அடுத்த ஏலத்தில் ஒரு பழைய ஆஸ்பத்திரி வண்டி எங்கள் வாசலுக்கு வந்து நின்றது.

பின்பக்கக் கூண்டைப் பிரித்துப் போட்டுவிட்டு வேங்கைப் பலகையில் புதிதாகக் கட்டினோம். கட்டினோம் என்றுதான் சொல்வேன். அவர் பலகை அறுத்தால் மறுமுனையைப் பிடித்தது நான். அவர் உள்ளேயிருந்து போல்ட்டைப் போட்டால் வெளியேயிருந்து நட்டை முடுக்கினது நான். சுவரோடு மடிகிற இரண்டு கட்டில், அடியில் அரிசிக்கும் துணிமணிக்கும் பெட்டி, ஒரு மூலையில் சாமி படத்துக்குப் பலகை, எதிர்மூலையில் கரி அடுப்பு. அடுப்புக்கு மேலே கூரையில் புகை போக ஒரு திறப்பு, அதற்குத் தூக்கி வைக்கிற மூடி. அந்தத் திறப்பைப் பெரிதாக வைக்கச் சொல்லி நான் அடம்பிடித்தேன்.

"ஆளே எறங்கலாம் போலக்கீதே, எதுக்கு இம்மாம் பெருசு?" என்றார்.

"பொகையில நிக்கப்போறது நீங்களா, நானா?" என்றேன். பெரிதாகவே வைத்தார்.

ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. பின்கதவுக்கு மூர் மார்க்கெட்டில் பொறுக்கிய ஒரு பழைய ரயில் பெட்டியின் பூட்டு. கதவைச் சாத்தினால் போதும், தானாகப் பூட்டிக்கொள்ளும். வெளியேயிருந்து திறக்கச் சாவி வேண்டும்.

இப்போது என் மூத்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் அண்ணன். கருங்குழிப் பக்கம் நிலமும் ஒரு நெல் மிஷினும் வைத்திருந்தார். குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். ஏலத்தில் வண்டி எடுத்ததும் அவர் பெயரில்தான். மூத்தார் முன்னால் தம்பி பெண்டாட்டி நிற்கக் கூடாது, அவரோடு பேசக் கூடாது, அவரும் பேசமாட்டார். எங்கள் பக்கம் அன்றைக்கு அப்படித்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லையென்றால் தொழுவத்து மாட்டைப் பார்த்து, "பசி எடுக்குதே" என்பார். மாட்டுக்குத் தவிடு வைப்பதா, அவருக்கு இலை போடுவதா என்று நான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

அவருக்கு எங்கள் வண்டி அறவே பிடிக்கவில்லை. ஊரில் பிண வண்டி என்று கேலி பேசினார்கள். அது அவர் காதுக்கும் போயிற்று. "வூடு வாசல் இருக்கசொல்ல ரோட்டுல குடும்பம் நடத்துறதுக்கு நாம இன்னா சர்க்கஸ்காரங்களா?" என்று தம்பியை வாங்கு வாங்கென்று வாங்கினார். சிங்கப்பெருமாள் கோயிலில் வாழைத்தார் வியாபாரி ஒருவர் பட்டணத்துக்குத் தார் ஏற்றிப் போக வண்டி தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் மூத்தார் பேசியும் முடித்துவிட்டார். மாசி மகத்துக்குக் குடும்பத்தோடு மகாபலிபுரம் போகிறோம், அங்கே வந்து வண்டியைப் பாருங்கள், பிடித்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

என் வீட்டுக்காரர் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசமாட்டார். இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்தார், அவ்வளவுதான். எனக்கோ வயிறு எரிந்தது. நான் முடுக்கிய நட்டு ஒவ்வொன்றும் எது எங்கே இருக்கிறது என்று இருட்டில் கேட்டாலும் சொல்வேன். அதில் வாழைத்தாரா? ஆனால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? சண்டை போட வேண்டிய ஆளோடுதான் எனக்குப் பேச்சே கிடையாதே.

மாசி மகத்தன்று விடியற்காலை கிளம்பினோம். மூத்தார் முன்னால் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நானும் அவர் சம்சாரமும் பின்னால். அவரை நான் அக்கா என்பேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அக்கா கட்டிலில் நன்றாகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "இதப் போயி விக்கணும்னு நிக்கிறாரே இந்த மனுசன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மகாபலிபுரத்தில் ஜனம் நெரிந்தது. கோயிலிலிருந்து பெருமாள் கடலுக்கு எழுந்தருளும் நாள். கூட்டத்தைவிட்டுத் தள்ளி, சவுக்குத் தோப்போரமாக, பின்கதவு கடலைப் பார்க்க வண்டியை நிறுத்தினோம். ஹாரனை அமுக்கிப் பார்க்க ஆட்கள் சூழ்ந்துவிட்டதால் என் வீட்டுக்காரர் முன்கதவுகளை இரண்டு பக்கமும் பூட்டிவிட்டு, சாவிக் கொத்தோடு பின்னால் வந்தார்.

அப்போதுதான் அக்கா சொன்னார். "வித்துட்டாலும் சரி, வெச்சிக்கினாலும் சரி, மொத மொதல்ல கெளம்பி வந்துக்கீது. புதுவூட்டுக்குச் செய்யிற மாதிரி பால் காச்சிடு."

எனக்கு அது மனசுக்குப் பிடித்தது. அடுப்பைப் பற்றவைத்து, கூரை மூடியைத் தூக்கிவைத்து, பால் பொங்கவிட்டேன். சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினேன். வாங்கின வண்டியின் சாவியைச் சாமி காலடியில் வைத்து எடுப்பதுதானே வழக்கம், அக்கா என் வீட்டுக்காரரிடமிருந்து கொத்தை வாங்கி அங்கே வைத்தார். பிறகு வண்டிக்கு முன்னால் தேங்காய் உடைக்க வேண்டும். பெரியவர் கையால்தான் உடைக்க வேண்டும். விற்கப்போகிற வண்டியானாலும் சாமி காரியத்தில் மூத்தார் குறை வைக்கமாட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றார். நாங்கள் எல்லோரும் இறங்கினோம். கற்பூரத் தட்டோடு கடைசியாக அக்கா இறங்கினார். கடற்காற்று நேராகக் கதவுக்குள் அடித்தது. ஏற்றின விளக்கு அணைந்தால் நல்லதா? அக்கா முதுகால் கதவைத் தள்ளிச் சாத்தினார்.

க்ளக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் கேட்டேன், ஆனால் தேங்காய் சமமாக உடைந்ததா என்று பார்ப்பதில்தான் எல்லோருக்கும் கவனம் இருந்தது. சமமாகத்தான் உடைந்தது.

உடைத்துவிட்டுத் திரும்பி வந்தால் கதவு திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் இடுப்பைத் தடவினார், பையைத் தடவினார், அப்புறம் எங்கள் முகத்தைப் பார்த்தார். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். சரியாக அந்த நேரம் பார்த்து வாழைத்தார் வியாபாரி வந்து சேர்ந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இன்னா நைனா, வூட்டுக்காரங்களே வெளிய நிக்கிறீங்க?" என்று சிரித்தார். மூத்தாருக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஒடச்சிடலாம்ணா" என்றார் என் வீட்டுக்காரர். உள்ளே விளக்கு எரிகிறது, அடுப்பில் கங்கு இருக்கிறது, ஜன்னல் திரை காற்றில் ஆடுகிறது. திருக்கழுக்குன்றம் போய்ப் பூட்டுத் திறக்க ஆள் கூட்டிவர நேரமில்லை.

மூத்தார் தோளைக் கொடுத்து இடித்தார். நெல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிற தோள் அது. கதவு அசையவில்லை. மீன் பிடிக்கிற ஆட்கள் இரண்டு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். நான்கு பேராகச் சேர்ந்து நெம்பினார்கள். இடுக்கில் கடப்பாரை முனைகூட இறங்கவில்லை. ஒவ்வொரு இடிக்கும் என் நெஞ்சு பதறியது, ஒவ்வொரு தடவை கதவு அப்படியே நின்றபோதும் குளிர்ந்தது. எனக்கு எந்தப் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை.

மூத்தார் மூச்சு வாங்கிக்கொண்டு கதவில் கை வைத்தார். "இன்னா மரம்டா இது?"

"வேங்கைண்ணா."

"நட்டெல்லாம் எந்த மேஸ்திரி முடுக்கினான்?"

என் வீட்டுக்காரர் நான் மறைந்து நின்ற சவுக்கு மரத்தைப் பார்த்தார். மூத்தாரும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கடப்பாரையை மணலில் போட்டுவிட்டார்.

நான் அக்கா காதில் சொன்னேன். "அடுப்புக்கு மேல கூரை தொறந்துதான் கீதுன்னு சொல்லுங்கக்கா."

அக்கா சொன்னதும் மீன்பிடி ஆட்களில் ஒருவன், கூரைக்கு ஏற நாங்கள் பின்பக்கம் பதித்திருந்த ஏணியில் கால் வைத்துவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் மூத்தார் நிற்பதும் மறந்துபோனது. "எறங்கு!" என்றேன். "அதுக்கு நேரா கீழ கங்கு கீது, பால் சட்டி கீது. எது எங்க கீதுன்னு எனக்குத்தான் தெரியும். ஊரான் காலை என் அடுப்புல வெக்க வுடமாட்டேன்."

அவன் இறங்கிவிட்டான். என் வீட்டுக்காரர் உடம்புக்கு அந்தத் திறப்பு போதாது, அக்காவுக்கு முழங்கால் வலி. நான்தான் ஏற வேண்டும். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்தேன். பிடித்தபிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். இத்தனை ஆம்பிளைகள். அதிலும் மூத்தார். கை கூசியது.

அப்போது ஒரு அதட்டல் கேட்டது. "டேய், இங்க இன்னா வேடிக்கை? எல்லாரும் கடலைப் பாருங்கடா! சாமி வர்ற நேரம், கன்னத்துல போட்டுக்கோங்க!" மூத்தார்தான். சொன்ன கையோடு முதலில் அவர் திரும்பி நின்றார். "அண்ணாத்த, உனக்குந்தான்" என்று வியாபாரியின் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

நான் ஏறினேன். மேலே போய் நின்றபோது கடல், அதற்கு முன்னால் வரிசையாக முதுகுகள், அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பெருமாள் இன்னும் வரவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே நெஞ்சு நிமிர்ந்தது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு உயரத்தில் நின்றதில்லை.

கால் முதலில் விட்டு, பால் சட்டியில் படாமல், அடுப்புத் திட்டின் ஓரத்தில் இறங்கினேன். கை முழுக்கப் புகைக்கரி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரையை ஒதுக்கிக் கட்டினேன். பால் சட்டியை மூடினேன். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

கதவுக்கு வெளியேயிருந்து ஒரு குரல் கேட்டது. "அம்மாடி, அடி கிடி ஒண்ணும் படலியே?"

அக்கா குரலோ, என் வீட்டுக்காரர் குரலோ இல்லை. "இல்லீங்க மாமா" என்றேன்.

"வெளக்கு?"

"எரியுதுங்க."

சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன். பழக்கதோஷத்தில் ஓரமாக ஒதுங்கி நின்றேன். மூத்தார் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். கட்டிலைத் தட்டிப் பார்த்தார். பெட்டியைத் திறந்து மூடினார். கூரைத் திறப்பை அண்ணாந்து பார்த்தார், அப்புறம் கரி படிந்த என் கையைப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, மாட்டையும் பார்க்காமல் சுவரையும் பார்க்காமல் என்னைப் பார்த்தே கேட்டார்.

"காப்பி கெடைக்குமாம்மா?"

நான் அடுப்பை விசிறினேன். அதற்குள் வியாபாரி படியில் கால் வைத்து ஏறினார். "பொருள் கெட்டியாத்தான் கீது நைனா. முடிச்சிக்கலாமா?"

மூத்தார் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"செருப்பை வெளிய வுட்டுட்டு வாய்யா. பால் காச்சின வூடு இது."

வியாபாரி இறங்கி, செருப்பைச் சக்கரத்தோரமாகக் கழற்றி வைத்துவிட்டு, காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தேன். விலையைப் பற்றி யாரும் பேசவில்லை.