மல்லிக்கு ஊற்றிய பால்

செத்துப்போன பூனைக்கு மூன்றாம் நாள் பால் ஊற்றிய ஆள் நான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் சொல்லாமலே தெரு முழுக்கத் தெரியும் என்பது வேறு விஷயம். போன ஐப்பசியில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது.

எங்கள் வீட்டில் வருடக்கணக்காகப் பூனைகள் உண்டு. காசு கொடுத்து வாங்கிய பெர்சியன் ஜாதிப் பூனைகள் கொஞ்சம். காசு கொடுத்தாலும் யாரும் தொடாதவை நிறைய. வைகை அணையைப் பார்க்கப் போய் ஒற்றைக் கண் பூனையோடு வீடு திரும்பிய குடும்பம் எங்களுடையதாக மட்டும்தான் இருக்கும். எலி பிடிக்கிற வேலையைத் தெருவிலிருந்து வந்தவை பார்த்துக்கொள்ளும். பெர்சியன்களுக்கு மேற்பார்வை. நானோ பூனைகளைப் பற்றி அலமாரி நிறையப் படித்தவன். பக்கத்துத் தெருவில் ஒரு பூனை தும்மினால்கூட என்னிடம்தான் வந்து கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

பெர்சியன்களில் மூத்தவள் மல்லி. தும்பைப் பூ நிறம். அவள் ஈன்ற ஒரு கடுவனை, அதாவது ஆண் குட்டியை, எதிர்வீட்டு மாமாவுக்குக் கொடுத்திருந்தோம். மாமா என்றால் ரத்த உறவு இல்லை. அவர் ராவுத்தர், திராட்சை வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். நாங்கள் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள். அப்பா காலத்திலிருந்தே இரண்டு வீட்டுக்கும் மாமா, மாப்பிள்ளை முறைதான். என் மனைவிக்கு அவர் பெரியப்பா. பிள்ளைகளெல்லாம் வெளியூரில் இருக்க, மாமாவும் அத்தையும் அந்தக் குட்டிக்குப் பஞ்சு என்று பெயர் வைத்து, தினம் மீன் வாங்கிப் போட்டு வளர்த்தார்கள். வளர்ந்தபின் தாயும் மகனும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தார்கள்.

அன்று காலை பால் வாங்கப் போனவன் பைபாஸ் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று கிடப்பதைப் பார்த்தேன். ஏதோ வண்டி ஏற்றிவிட்டுப் போயிருந்தது. முகம் பார்க்கும்படி இல்லை. உடம்பெல்லாம் சேறு. முந்தின சாயங்காலத்திலிருந்து மல்லியைக் காணவில்லை. எனக்கு வேறு யோசனையே வரவில்லை. தோளில் கிடந்த துண்டில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாசலில் என் மனைவி கேட்டாள். "நல்லாப் பாத்தீகளா? நம்ம மல்லிதானா?"

"இத்தனை வருசமாப் பூனை வளக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

கொல்லையில் முருங்கைக்கு அருகே நான் குழி தோண்டினேன். மாமா ஓடி வந்து எனக்குக் குடை பிடித்தார். என் அப்பா போனபோது நாலு பேர் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டவன், அன்று விக்கி விக்கி அழுதேன். மாமா துண்டு மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்ம பஞ்சையும் ராத்திரியில இருந்து காணோம் மாப்ள" என்றார் மெதுவாக.

அழுகைக்கு நடுவிலும் என் புலமை சும்மா இருக்கவில்லை. "கடுவன்னா அப்படித்தான் மாமா. ஊர் சுத்திட்டுத் தானா வந்துரும். கவலைப்படாதீக" என்று ஆறுதல் சொல்லிவிட்டு மண்ணைத் தள்ளினேன்.

"நீங்க சொன்னாச் சரி" என்றார்.

மூன்றாம் நாள் காலை டம்ளரில் பாலோடு கொல்லைக்குப் போனேன். "எங்கப்பாவுக்கு நீங்க இம்புட்டுச் செய்யல" என்றாள் மனைவி. காதில் வாங்காமல் மண்மேட்டில் கொஞ்சம் ஊற்றினேன். மிச்சத்தை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டேன். திறந்தபோது சிரட்டையில் மல்லி குடித்துக்கொண்டிருந்தாள்.

நான் பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல. அந்த ஒரு நிமிடம் மட்டும் நம்பினேன். மல்லி மெலிந்து, மேலெல்லாம் ஒட்டடையோடு, என்னை ஏறிட்டும் பார்க்காமல் சிரட்டையை நக்கிக் காலி செய்தாள். பின்வீட்டார் திருச்செந்தூர் போய்விட்டு அப்போதுதான் வந்து கதவைத் திறந்திருக்கிறார்கள். இவள் அவ்வளவு நாளும் உள்ளே அடைபட்டுக் கிடந்திருக்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு, "ஏய், மல்லி வந்துட்டா" என்று கத்தினேன். ஓடி வந்த மனைவி முதலில் மல்லியைப் பார்த்தாள். அப்புறம் மண்மேட்டைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதும்தான் எனக்கு உறைத்தது.

அதே நேரம் தெருவில் மாமாவின் குரல் கேட்டது. "பஞ்சு... ஏலே பஞ்சு..." கையில் மத்தி மீன் தட்டோடு ஒவ்வொரு வீட்டுச் சந்தாகக் குனிந்து கூப்பிட்டுக்கொண்டு போனார். நான் குழிதோண்டிய நாளிலிருந்து இதே வேலைதான் அவருக்கு. ஊர் சுற்றிவிட்டு வந்துவிடும் என்று நான்தானே சொல்லி அனுப்பியிருந்தேன்.

"சொல்லாம விட்டா என்ன?" என்றேன். "எங்கயோ நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டாவது இருப்பாரு."

"எத்தன நாளைக்கு மீனை வச்சுக்கிட்டுத் தெருத்தெருவா அலையணும் அந்த மனுசன்? போய்ச் சொல்லிட்டு வாங்க."

போகிற வழியில் பக்குவமாக, படிப்படியாக விஷயத்துக்கு வருகிற மாதிரி ஒரு பேச்சைத் தயாரித்தேன். அவர் முன்னால் நின்றதும் ஒரே ஒரு வரிதான் வந்தது.

"மல்லி வந்துருச்சு மாமா."

அவர் தட்டைக் கீழே வைத்தார். வாசற்படியில் உட்கார்ந்தார்.

"வால் நுனி மடங்கியிருந்துச்சு மாப்ள. பஞ்சுக்குச் சின்னதுல கதவுல நசுங்குன வாலு. துண்டுக்கு வெளியில நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கே பாத்தேன்."

இதற்கு முன் நான் பட்ட அதிர்ச்சியெல்லாம் அதிர்ச்சியே இல்லை.

"பின்ன ஏன் மாமா சொல்லல?"

"நீங்கதான் மல்லின்னு சொல்லிட்டீகளே. அழுகவும் செஞ்சீக. பூனையைப் பத்தி நம்மளவிடத் தெரிஞ்சவுக. அப்ப நம்ம கண்ணுதான் தப்பாப் பாத்துருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்." மீன் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அப்படி நினைக்கிறதுக்கு நல்லாவும் இருந்துச்சு."

கொல்லைக்கு வந்தார். தோண்டி எடுத்து அவர் வீட்டு மரத்தடியில் வைக்கலாமா என்று கேட்டேன். "வேணாம், கிடக்கட்டும். அவன் பிறந்த வீடுதான" என்றார். சிரட்டையைப் பார்த்துவிட்டு, "பாலா ஊத்துனீக? அவனுக்குப் பால் பிடிக்காது மாப்ள" என்றார். சொன்ன பிறகுதான் அவர் குரல் உடைந்தது. மூன்று நாளாக அவர் அழ வேண்டிய அழுகையையும் சேர்த்து நான் அழுது தீர்த்துவிட்டு, அவரைத் தட்டோடு தெருவில் அலையவிட்டிருக்கிறேன். தப்பாக அடையாளம் பார்ப்பது யாருக்கும் நடக்கும். கண்ணால் கண்ட ஒருவரை, அவர் கண்ணையே நம்பாமல் செய்கிற அளவுக்கு நான் பேசியிருக்கிறேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

சில வாரம் கழித்து மாமா டீ குடிக்க வந்திருந்தபோது மனதிலிருந்ததைக் கொட்டினேன். "ஒண்ணு முடிவு பண்ணிட்டேன் மாமா. இனிமே எந்த விசயத்தையும் நான் அடிச்சுச் சொல்றதா இல்ல."

டம்ளரை மாமாவிடம் நீட்டிக்கொண்டே என் மனைவி சொன்னாள். "அதையும் எப்படி அடிச்சுச் சொல்றாக பாருங்க பெரியப்பா."